ஸரந்தீபில் ஒரு பிரதமர்: அல்பாரூதியின் கண்டிக் காலக் கவிதைகளை முன்வைத்து

ஒராபி பாஷாவைப் பற்றி ஒரு தடவையாவது எழுதாத முஸ்லிம் சஞ்சிகை இலங்கையில் இருக்குமா என்பது சந்தேகம்தான். துருக்கித் தொப்பி, ஸாஹிராக் கல்லூரி, சித்தி லெப்பை, கண்டி வீடு என்று அந்தக் கதை நமக்கு மனப்பாடம். மீலாத் விழாப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகள் அதைத்தான் பாடமாக்கிக்கொண்டு வருவார்கள். கதையின் நடுவில், ஒராபி பாஷாவுடன் மேலும் ஆறு பேர் நாடுகடத்தப்பட்டார்கள் என்று ஒரு வசனம் வரும். அந்த வசனத்தோடு ஆறு பேரின் கதையும் முடிந்துவிடும்.

அந்த ஆறு பேரில் ஒருவர் எகிப்தின் பிரதமராக இருந்தவர். பெயர் மஹ்மூத் ஸாமி அல்பாரூதி. நவீன அறபுக் கவிதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். வாளுக்கும் எழுதுகோலுக்கும் அதிபதி என்பது அவருக்கு வழங்கும் பட்டம். அவருடைய கவிதைகளில் எது சிறந்தது என்று கேட்டால், அறபு விமர்சகர்கள் பலர் சுட்டிக்காட்டுவது ‘ஸரந்தீபிய்யாத்’ என்று அழைக்கப்படும் பகுதியைத்தான். ஸரந்தீப் என்றால் வேறெதுவுமில்லை, நம்மட இலங்கை. 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கி, ஏழு வருடம் கொழும்பிலும் பத்து வருடம் கண்டியிலும் இருந்துவிட்டு, 1899இல் கண்பார்வை பெரும்பாலும் போன நிலையில் திரும்பிச் சென்றவர் அவர். நவீன அறபுக் கவிதையின் ஒரு முக்கியமான பகுதி நமது இரண்டு நகரங்களில் எழுதப்பட்டிருக்கிறது. இதைத் தெரிந்தவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. ஆனால் தமிழில் இலக்கிய விஷயமாக எடுத்துப் பேசியதை நான் அதிகம் கண்டதில்லை. கண்ட இடங்களிலும் அவர் ஏழு பேர் கொண்ட பட்டியலில் ஒரு பெயராகவே நிற்கிறார்.

மேலே போகுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் தமிழில் சிறப்புப் பட்டம் பெற்றவன். என்னுடைய அறபு, சின்ன வயதில் மத்ரஸாவில் ஓதியதும் பிறகு ஆசையில் தேடிப் படித்ததும்தான். எங்கள் பாடசாலையில் அறபு கற்பிக்கும் மௌலவி ஒருவரின் தயவில், ஒன்றரை வருடமாக, பாடசாலை விட்ட பிறகு ஆசிரியர் அறையில் அல்பாரூதியின் தீவானை விரித்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்து வருகிறோம். அவர் இலக்கணத்தைப் பார்ப்பார், நான் கவிதையைப் பார்ப்பேன். சில நாட்களில் இது மாறியும் நடக்கும். கவிதை வரிகளை இங்கே மேற்கோளாகத் தரவில்லை. எங்கட மொழிபெயர்ப்பு இன்னும் அச்சுக்குப் போகிற பக்குவத்துக்கு வரவில்லை.

அவருடைய முன்கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1839இல் கெய்ரோவில், மம்லூக் மரபில் வந்த சர்க்காசியக் குடும்பத்தில் பிறந்தார். ஏழு வயதில் வாப்பாவை இழந்தார். இராணுவப் பாடசாலையில் படித்தார். இஸ்தான்பூலில் வெளிநாட்டு அமைச்சில் உத்தியோகம் பார்த்த காலத்தில் துருக்கியும் பாரசீகமும் பழகினார். கிரீட் தீவிலும் பின்னர் ரஷ்யாவுக்கு எதிரான யுத்தத்திலும் போர்முனைக்குப் போனார். ஆளுநர், அவ்காஃப் அமைச்சர், யுத்த அமைச்சர் என்று ஏறிப்போய் 1882 பெப்ரவரியில் பிரதமரானார். பதவியேற்ற சில நாட்களிலேயே பிரதிநிதிகள் சபைக்கான அடிப்படைச் சட்டம் வெளிவந்தது. எகிப்தியர்கள் இன்றைக்கும் பெருமையோடு நினைக்கும் சட்டம் அது. மே மாதக் கடைசியில் பிரித்தானியாவும் பிரான்ஸும் கூட்டாகக் கழுத்தை நெரிக்க, அமைச்சரவை இராஜினாமாச் செய்தது. ஜூலையில் அலெக்சாந்திரியா மீது குண்டுமாரி. செப்டெம்பர் 13இல் தெல் அல்கபீரில் தோல்வி. டிசெம்பரில் விசாரணை, மரண தண்டனை, அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது, சுயஸில் கப்பல். எல்லாம் ஒரே வருடத்துக்குள்.

அவர் பிரதமராக இருந்தது நாலு மாதம்கூட முழுசாக இல்லை. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் ‘பிரதமராக இருந்தவர்’ என்ற நிலையில் வாழ்ந்திருக்கிறார். அதில் பதினேழு வருடம் இங்கே.

பதவி போன தலைவர்கள் இந்தக் காலத்தில் என்ன செய்கிறார்கள்? நினைவுக்குறிப்பு எழுதுகிறார்கள். தான் செய்தது சரி, மற்றவர்கள் கேட்கவில்லை, காலம் பதில் சொல்லும் என்று முந்நூறு பக்கம். எந்த நாட்டுக்காரர் எழுதினாலும் இந்த மூன்று விஷயமும் அநேகமாக இருக்கும். அல்பாரூதியும் அதைத்தான் செய்தார், ஆனால் கஸீதாவில் செய்தார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவருடைய தீவானில் ஒரு பகுதியை இப்படிப் படித்தால்தான் விளங்கும் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு கவிதைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில், நான் ஆட்சிக்கு எதிராகக் கிளம்பினேன் என்று சிலர் சொல்கிறார்கள், அது என் குணமல்ல, நான் அழைத்தது நீதிக்கு, நாடியது அல்லாஹ்வின் பொருத்தத்தை என்று பேசுகிறார். நிமிர்ந்த குரல். ஒரு மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பெடுக்கிறான் என்று நமக்கு உடல் சிலிர்க்கும். மற்றதில் குரல் வேறு. நான் என் கூட்டத்தாருக்குப் புத்தி சொன்னேன், யுத்தம் பொல்லாதது என்றேன், அவர்கள் கேளாமல் பிடிவாதமாக மூட்டிவிட்டார்கள், என் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்கிறார். முதல் கவிதையில் அவர் போராட்டத்தின் தலைவர். இரண்டாவதில் அந்தப் போராட்டத்தை ஓரத்தில் நின்று எச்சரித்தவர்.

இரண்டும் உண்மையாக இருக்க முடியுமா? இருக்கலாம். நீதிக்காக எழுந்தவர் யுத்தம் வேண்டாம் என்று சொல்லியிருக்கவும் கூடும். வரலாற்றாசிரியர்கள் அதை ஆராயட்டும். கவிதை படிக்கிறவனுக்குத் தெரிவது வேறொன்று. இரண்டு கவிதைகளும் யாரோ ஒருவரைப் பார்த்துப் பேசுகின்றன. முதலாவது எகிப்து மக்களைப் பார்த்து. இரண்டாவது, எனக்குப் படுகிறபடி, அதே ஊரில் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் பழைய தோழர்களைப் பார்த்து. நாடுகடத்தப்பட்ட ஏழு பேரும் இங்கே ஒற்றுமையாக இருக்கவில்லை. யார் மேல் குற்றம் என்ற கேள்வி அவர்களைப் பிரித்துவிட்டது. ஒராபிக்கும் அல்பாரூதிக்கும் இடையிலும் மனக்கசப்பு வந்தது. நாம் எழுதும் கட்டுரைகளில் ஏழு பேரும் ஒரே படத்தில் வரிசையாக நிற்பார்கள். கவிதையில் அந்த வரிசை குலைந்து கிடக்கிறது.

இந்த வகைக் கவிதைகளை நான் பெரிதாக மதிக்கவில்லை. யாப்பு கம்பீரமாக இருக்கிறது, மௌலவி தொடையில் தாளம் போட்டு ஓதிக் காட்டும்போது அறை அதிரும். ஆனால் வழக்கறிஞரின் வாதத்தைக் கேட்ட மாதிரி ஒரு களைப்பு கடைசியில் மிஞ்சுகிறது. அவர் பிரதமராக இருந்ததை மறந்துவிட்டு எழுதுகிற இடங்கள்தான் எனக்குக் கவிதையாகத் தெரிகின்றன.

அப்படி ஓரிடம், மகள் ஸமீராவைக் கனவில் கண்ட கவிதை.

அறபுக் கவிதையில் ‘தய்ஃப்’ என்று ஒரு மரபு உண்டு. பிரிந்திருக்கும் காதலியின் உருவம் இரவில் காதலனைத் தேடி வரும். அவள் எப்படித் தனியாகப் பாலைவனம் கடந்து வந்தாள், இருட்டில் வழி யார் காட்டினார்கள் என்று அவன் ஆச்சரியப்படுவான். விழித்தால் ஒன்றும் இருக்காது. நமது அகப்பாடல்களில் கனவு வரும் இடங்களைப் படித்தவர்களுக்கு இது அந்நியமாக இராது. அல்பாரூதி இந்த மரபை அப்படியே எடுக்கிறார், ஆனால் வருவது காதலியல்ல, சின்ன மகள். கடந்து வருவது பாலைவனமல்ல, பொங்கிக் கிடக்கும் தெற்குச் சமுத்திரம். ஆயிரம் வருடமாகக் கவிஞர்கள் கையாண்ட ஓர் உத்தி இந்த இரண்டு மாற்றத்தால் ஒரு தகப்பனின் பயமாகிவிடுகிறது. காதலி இருட்டில் தனியாக வருவது அழகு. குழந்தை இருட்டில் தனியாகக் கடல் கடந்து வந்தால் வாப்பாமாருக்கு நெஞ்சு பதறும். பிறகு அந்தப் பிள்ளை தன் வயதொத்த பிள்ளைகளுக்கு நடுவில், துன்பம் என்னவென்று தெரியாமல் இருக்கும் காட்சி வருகிறது. தனக்கு நடந்தது அவளுக்கு இன்னும் விளங்கவில்லை என்பதில் அவருக்கு ஓர் ஆறுதலும் இருக்கிறது, வேதனையும் இருக்கிறது. எது கூட என்று அவர் சொல்லவில்லை.

கவலை என்னவென்றால், இதே கவிதை நடுவில் திரும்பிவிடுகிறது. மகள் மறைகிறாள். எத்தனை வீரர்களைக் காலம் முறித்தது, எத்தனை தலைவர்கள்மேல் சக்கரம் திரும்பியது என்ற பொதுப்பேச்சு ஆரம்பமாகிறது. அல்லாஹ்மேல் பாரம் சாட்டாதவன் நட்டவாளி என்கிறார். கருத்தில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஸமீரா எங்கே? முன்னாள் பிரதமர் வந்து வாப்பாவை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார் என்று நான் சொன்னபோது மௌலவிக்குப் பிடிக்கவில்லை. “சேர், அது ஸப்ர். பிள்ளையை நினைச்சி அழுதுக்கிட்டே இருந்தா மனுசன் செத்துப்போயிருவான். அதுதான் திரும்புறாரு” என்றார். இந்த வாதம் எங்களிடையே இன்னும் முடியவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று எழுதும்போது தோன்றுகிறது.

மனைவிக்கு எழுதிய மர்ஸியாவில் இந்தத் திருப்பம் என்னை உறுத்தவில்லை. அவர் இங்கு வந்த முதல் வருடத்திலேயே, 1883இல், மனைவி அதீலா எகிப்தில் மௌத்தானார். செய்தி கடல் கடந்து வந்தது. ஜனாஸா தொழுகைக்கும் இல்லை, மண் போடுவதற்கும் இல்லை. அறபில் மனைவிக்கு இரங்கல் பாடுவது அதிகம் இல்லாத ஒன்று. உமையாக் காலத்து ஜரீர் பாடியது பெயர்போனது. அதற்குப் பிறகு அந்த வரிசையில் மறக்காமல் சொல்லப்படுவது இந்த ஸரந்தீப் மர்ஸியாதான்.

தமிழ் படித்தவன் என்ற வகையில் எனக்குக் கையறுநிலை என்ற துறை நினைவுக்கு வந்தது. செயலற்றுப்போன நிலை. பெயரே எவ்வளவு பொருத்தம்! புறநானூற்றில் கையறுநிலை பாடுகிறவர் இறந்தவர் வாழ்ந்த இடத்தில் நின்றோ அந்த இடத்தைப் பார்த்தோ பாடுவதையே அதிகம் காண்கிறோம். மலை தெரியும், நடுகல் தெரியும், வெறும் முற்றம் தெரியும். அல்பாரூதிக்கு அது எதுவும் கிடைக்கவில்லை. அவர் மரணத்தை நேரே கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறார். பிறகு தான் காணாத வீட்டைக் கற்பனையில் கட்டுகிறார். தாயில்லாப் பிள்ளைகள், நகை கழற்றிய பெண்மக்கள், அவர்களின் அழுகை. எல்லாம் கண்ணால் கண்டதுபோல. உண்மையில் அவருக்குத் தெரிந்தது ஒரு செய்தி மட்டும்தான். கவிதை நீளமாகப் போவதற்குக் காரணம் இதுவென்று நினைக்கிறேன். கிட்ட இருந்து அழ முடிந்தவர்களுக்கு இத்தனை வரிகள் தேவைப்பட்டிராது.

பின்னர் அவர் இங்கேயே, தன்னோடு நாடுகடத்தப்பட்ட யஃகூப் ஸாமியின் மகளை மணந்துகொண்டார். மகளையும், பழைய நண்பர்களையும் ஒவ்வொருவராக எகிப்தில் இழந்தார். ஹுஸைன் அல்மர்ஸஃபீ, அப்துல்லாஹ் ஃபிக்ரீ ஆகிய இருவரும் 1890இல் காலமானார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கவிதை. அந்த வருடங்களில் தீவான் ஒரு மையவாடி மாதிரி ஆகிவிடுகிறது.

இனி நமக்கு நேரே சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருகிறேன். இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்ததும் உண்டு.

ஒரு கவிதையில் அல்பாரூதி, ஸரந்தீபில் எனக்கு மனம்விட்டுக் கதைக்க ஒரு தோழன் இல்லை, என்னைக் கவனிக்க ஒரு நண்பனும் இல்லை என்ற கருத்தைச் சொல்கிறார். முதலில் வாசித்த அன்று எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கொழும்பு முஸ்லிம்கள் அவர்களை எப்படி வரவேற்றார்கள் என்று நாங்கள் எவ்வளவு எழுதியிருக்கிறோம்! பதினேழு வருடம் நம்மோடு வாழ்ந்த மனிதன் ஒரு தோழன் இல்லை என்கிறாரே. எங்கட ஆட்கள் யாருமே அவருக்குத் தோழனாகத் தெரியவில்லையா? நான் படித்த அளவில், அந்தக் கவிதைகளில் இந்த நாட்டின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, இந்த நாட்டு மனிதர் ஒருவரின் பெயர் வரவில்லை.

இதற்கு லேசான ஒரு பதில் உண்டு. தனிமையைப் பாடுவது நாடுகடந்த கவிஞர்களின் மரபு. ரோமரின் சிறையில் இருந்த அபூ ஃபிராஸ் அல்ஹம்தானியும் அப்படித்தான் பாடினார், அல்பாரூதி அவரைப் படித்தவர், ஆகவே இதை எழுத்துக்கு எழுத்து எடுக்கக் கூடாது என்று சொல்லலாம். பாதி சரி. ஆனால் அந்தப் பதிலில் நாம் கொஞ்சம் அவசரமாகத் தப்பித்துக்கொள்கிறோம் என்று எனக்குப் படுகிறது.

அவருடைய வாழ்க்கையை எழுதிய அறபு ஆசிரியர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். அவர் இங்கே ஆங்கிலம் படித்தார், இங்குள்ள முஸ்லிம்களுக்கு அறபு கற்பித்தார் என்று. அப்படியானால் அவரைச் சுற்றி ஆட்கள் இருந்திருக்கிறார்கள். மரியாதை இருந்திருக்கிறது. பள்ளிவாசலில் முன் ஸஃப்பில் இடம் விட்டிருப்பார்கள், வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பியிருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கற்பிப்பது வேறு, கதைப்பது வேறு. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறவன் சொல்கிறேன். முதல் நியமனத்தில் தூரத்து ஊரொன்றில் இருந்தேன். காலையிலிருந்து நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் தொண்டை வரளப் பேசிவிட்டு, பின்னேரம் விடுதி அறைக்கு வந்தால் பேச ஓர் ஆள் கிடையாது. ஊர்ச்சனம் அன்பானவர்கள். “சேர் சாப்பிட்டீங்களா” என்று கேட்காத வீடில்லை. அதற்கு மேலே என்ன கதைப்பது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அல்பாரூதிக்குத் தேவைப்பட்டது பஷ்ஷார் இப்னு புர்தைப் பற்றியும் அபூ தம்மாமைப் பற்றியும் முத்தனப்பியைப் பற்றியும் இரவிரவாகச் சண்டை பிடிக்க ஓர் ஆள். நமது ஆலிம்களிடம் அன்று இருந்த அறபு, பிக்ஹு கிதாபுகளின் அறபு, மௌலிதின் அறபு. ஆழமான அறபுதான், அதைக் குறைத்துப் பேசுவதற்கு எனக்குத் தகுதியில்லை. ஆனால் அது ஓதுகிற அறபு. நமக்கு அறபு புனிதமான மொழி. அவருக்கு அது வீட்டு மொழி, காதல் மொழி, வசை மொழியும்கூட. நாம் அவரிடம் பறகத்தை எதிர்பார்த்திருப்போம். அவர் கதையை எதிர்பார்த்திருப்பார்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அவர் வந்திறங்கியபோது சித்தி லெப்பையின் ‘முஸ்லிம் நேசன்’ தொடங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 1885இல் அதே சித்தி லெப்பை எகிப்தில் பிறந்த ஒருவனைக் கதாநாயகனாக வைத்து ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார். தமிழில் எழுந்த முதல் நாவல்களில் ஒன்று. எகிப்தின் உண்மையான முன்னாள் பிரதமர் கொழும்பில் வீட்டுக்குள் இருந்து கவிதை எழுதிக்கொண்டிருக்க, வெளியே தமிழில் ஒரு கற்பனை எகிப்து உருவாகிக்கொண்டிருந்தது. 1890களில் அவர் கண்டியில் இருந்த காலத்தில், அதே கண்டி மாவட்டத்தில் போப்பிட்டியைச் சேர்ந்த அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் இளவயதுக் கவிஞர். கண்டிக் கலம்பகம் பாடியவர். ஒரே மலைநாட்டில், ஒரே மழையில், இரண்டு முஸ்லிம் கவிஞர்கள். ஒருவர் அறபில், ஒருவர் தமிழில். ஒருவரை ஒருவர் வாசித்திருக்க வழியில்லை. அல்பாரூதிக்குத் துருக்கியும் பாரசீகமும் தெரியும், ஆங்கிலமும் படித்தார், ஆனால் தன்னைச் சுற்றி ஓதப்பட்ட தமிழ்ப் பைத்துகளைக் கவிதை என்று அவர் கணக்கில் எடுத்ததற்கு அடையாளம் எதையும் நான் காணவில்லை. மெத்தப் படித்த மனிதனுக்கும் அப்படி ஓர் அடைப்பு இருக்கலாம். தோழன் இல்லை என்ற அந்த முறைப்பாட்டில் அவருடைய பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

நமக்கும் அவருக்கும் பொதுவாக இருந்த ஒரே கவிதை புர்தாவாகத்தான் இருக்க முடியும். இமாம் பூஸிரி (ரஹ்) அவர்களின் கஸீதத்துல் புர்தா, நம்மூர்ப் பள்ளிகளிலும் வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாக ஓதி வருவது. அதே யாப்பில், அதே மீம் எதுகை ஈற்றில், அல்பாரூதி ‘கஷ்ஃபுல் கும்மா’ என்ற நீண்ட கஸீதாவைப் பாடினார். நானூறுக்கு மேற்பட்ட வரிகள், இப்னு ஹிஷாமின் ஸீராவைப் பின்பற்றி நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை முழுவதையும் சொல்வது. நாடுகடத்தப்பட்டிருந்த காலத்துப் படைப்பாகவே இதைக் கொள்வார்கள். கவிதை என்ற அளவில் பல இடங்களில் வரலாற்றுப் பாடம் மாதிரி வரண்டுதான் போகிறது. பூஸிரி இமாமின் உருக்கம் இதில் கிடையாது. ஆனாலும் ஹிஜ்ரத்தைச் சொல்லும் பகுதியை, எழுதியவர் யார், எந்த நிலையில் இருந்தார் என்பதை மறந்துவிட்டு என்னால் படிக்க முடியவில்லை. பிறந்த ஊரைவிட்டு வெளியேற்றப்படுவது பற்றி அவர் வேறு இடங்களில் தன்னை வைத்து எவ்வளவோ கத்தியிருக்கிறார். இங்கே தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. புர்தா மஜ்லிஸ் நடக்கும் ஒரு பள்ளியில், இதே சந்தத்தில் இந்த மண்ணோடு தொடர்புபட்ட இன்னொரு கஸீதா இருக்கிறது என்று சொன்னேன். பெரியவர் ஒருவர் நம்பவே இல்லை.

எழுவரில் அப்துல் ஆல் ஹில்மி, மஹ்மூத் ஃபஹ்மி, யஃகூப் ஸாமி மூவரும் இந்த மண்ணிலேயே அடங்கினார்கள். அல்பாரூதிக்கு 1899இல், கண்பார்வை போய்க்கொண்டிருந்த நிலையில், கெதீவ் இரண்டாம் அப்பாஸ் மன்னிப்பளித்தார். ஊர் திரும்பி அவர் பாடிய கவிதை பெயர்போனது. கண்ணுக்குத் தெரிவது எந்த ஊர், நான் காண்பது மெய்தானா என்று திகைத்துக் கேட்டுக்கொண்டே அது தொடங்குகிறது. பார்வை போன மனிதன் பார்வையை வைத்துக் கவிதையைத் தொடங்குகிறார். மரபான தொடக்கம்தான், பழைய கவிஞர்கள் எல்லோரும் செய்தது. ஆனால் இவர் செய்யும்போது அதை அலங்காரம் என்று ஒதுக்க முடியவில்லை.

கடைசி ஐந்து வருடம் அவருடைய கெய்ரோ வீடு கவிஞர்கள் கூடும் இடமாக இருந்தது. ஷௌகி, ஹாஃபிஸ் இப்ராஹீம், கலீல் முத்ரான் எல்லோரும் அங்கே போனவர்கள். கண்டியில் கிடைக்காத கதை அங்கே கிடைத்தது. அரசியலுக்கு அவர் திரும்பவில்லை. அப்பாஸியக் காலக் கவிஞர்கள் முப்பது பேரின் தேர்ந்த கவிதைகளை அவர் தொகுத்து வைத்தது, 1904 டிசெம்பரில் அவர் வபாத்தான பிறகு நாலு பாகங்களாக வந்தது. தீவானும் அவர் மௌத்துக்குப் பிறகுதான் அச்சேறியது. இரண்டு வருடம் பிந்தி, 1901இல் திரும்பிய ஒராபிக்கு இந்த வரவேற்பு இல்லை. அல்பாரூதியின் வீட்டுக்குப் போய்வந்த அதே ஷௌகி ஒராபியை ஏளனம் செய்து கவிதை எழுதினார். அரண்மனைக் கவிஞர், வேறெப்படி எழுதுவார். பின்னாளில் முதலாம் உலக யுத்தத்தின்போது ஷௌகியும் ஸ்பெயினுக்கு நாடுகடத்தப்பட்டு, நைல் நதியை நினைத்துப் பாட வேண்டி வந்தது தனிக் கதை.

மௌலவியும் நானும் இப்போது ஸரந்தீப் கவிதைகளில் பன்னிரண்டைத் தமிழாக்குவது என்று முடிவு செய்து, ஆறாவதில் நிற்கிறோம். ஆறாவது, தோழன் இல்லை என்ற அந்தக் கவிதைதான். அதில் தோழன் என்பதற்கு அவர் போட்டிருக்கும் சொல் ‘இல்ஃப்’. பழகிப் பழகி ஒட்டிப்போன ஒருவர் என்று பொருள். நண்பன் என்றால் அது வேறு சொல், அடுத்த பாதியில் தனியாக வருகிறது. கேளிர் என்று போட்டுப் பார்த்தேன், சங்கத் தமிழ் வாசம் அடிக்கிறது. துணை என்றால் மனைவியாகிவிடும். தோழன் என்றால் காணாது. போன கிழமை முழுக்க இந்த ஒரு சொல்லோடுதான் போனது. வியாழக்கிழமை பின்னேரம் புத்தகத்தை மூடும்போது மௌலவி, “சேர், சும்மா ‘பழகின ஆள்’ எண்டு போட்டா என்ன?” என்று கேட்டார். பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.